இணைக்கொம்பு

அழைப்பிதழில் என் பெயர் இல்லை.
றவூப் காக்காவுக்குத்தான் வந்தது. அவருக்கு முழங்கால் வலி.
"நீ போ புள்ள, நீதானே அடிச்சது" என்றார்.
அடித்தது என்றால் தட்டச்சு.
அழகரெத்தினம் சேரின் நாலு புத்தகம்,
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
கடைசிப் புத்தகத்தின் பாக்கிக்கு
இரண்டு சட்டி தயிர்.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போதே
அவர் முகம் தெரிந்தது, லொறியளவு பதாகையில்.
மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதை
யாரோ கணினியில் ஒட்டியிருந்தார்கள்.
உயிரோடு இருக்கையில் அதை
வலை நூலால் கட்டி வைத்திருந்தார்.

சென்னையில் இருந்து நடிகர் வந்திருந்தார்.
கொழும்பில் இருந்து செய்தி வாசிக்கிற பெண்,
பாட்டுப் போட்டியில் வென்ற பையன்,
ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு எம்பிமார்.
செல்பிக்கு முண்டியடித்த ஒரு பிள்ளை
என் காலை மிதித்து "சொறி அன்ரி" என்றாள்,
பிறகு பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள்.
பதினேழாம் வரிசை, தூணுக்குப் பின்னால்.
பொதியில் ஒரு பட்டிஸ், ஒரு கதலிப்பழம்.

நடிகர் வாசித்தார். நல்ல குரல், அதை மறுக்க முடியாது.
"பாதை வரும்வரை நின்றிருந்தோம்"
என்ற இடத்தில் கண்ணை மூடி
இரண்டு கையையும் விரித்தார்.
அம்பிளாந்துறை ஆட்கள் இருந்த பக்கம்
ஒரு சிரிப்பு எழும்பி அடங்கியது.
அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்,
எங்கள் பக்கம் பாதை என்பது
மனிசரையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு
தண்ணீரில் வருவதென்று.

அடுத்தது எந்த வரி என்று எனக்குத் தெரியும்.
பட்டிஸைக் கடிக்காமல் வைத்திருந்தேன்.
"களைப்புக்கு அக்கரையில் அம்மா இருந்தாள்."

சேர் எழுதியது களப்பு.
எழுவான்கரையில் நிற்கிற சின்னப் பையன்,
படுவான்கரையில் அம்மா,
இடையில் தண்ணீர். அவ்வளவுதான்.
அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது,
என் மகனுக்குக் காய்ச்சல்,
ளகரத்துக்கு முன்னால் ஓர் இணைக்கொம்பு
கேட்காமல் வந்து நின்றுவிட்டது.

பேராசிரியர் எழும்பி
அந்த ஒரு வரிக்குப் பதினொரு நிமிடம் எடுத்தார்.
போரில் களைத்த சனம் என்றார், தாய்மடி என்றார்,
தூரத்தை உடம்பால் அளந்த சொல் என்றார்.
முன்வரிசையில் சேரின் மனைவி
கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தா.
எழும்பிக் கத்த வேண்டும் போலவும் இருந்தது
கதிரைக்குக் கீழே போய்விட வேண்டும் போலவும் இருந்தது.

புரூஃப் தாள் இன்னும் என் லாச்சியில் இருக்கிறது.
அறுபத்திரண்டாம் பக்கம்.
மேல்வரியில் விடுபட்ட ஒற்றைப் பிடித்திருக்கிறார்.
கீழ்வரியில் ஒரு காற்புள்ளியை வெட்டியிருக்கிறார்.
நடு வரியைச் சிவப்புப் பேனை தொடவில்லை.
ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும்,
பேனை அங்கே கொஞ்சம் நின்று யோசித்ததுபோல.
மை கசிந்ததாகவும் இருக்கலாம்.

புத்தகம் கட்டி முடிந்த பிறகுதான் நான் கண்டேன்.
தயிர்ச் சட்டியோடு அவர் வந்த அன்று
சொல்ல வாயெடுத்தேன்.
"மகனுக்கு இப்ப சுகமா புள்ள?" என்றார்.
ஓம் என்றேன்.
தயிர் எருமைத் தயிர், கத்தியால் வெட்டலாம்போல் இருந்தது.
அதற்குப் பிறகு அவர் அச்சகத்துக்கு வரவில்லை,
ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்.

கடைசியில் நடிகர் ஒலிவாங்கியைச்
சனத்தின் பக்கம் நீட்டினார்.
எல்லாரும் சேர்ந்து சொல்வோம், அவருக்காக.
எழுந்து நின்றோம். எண்ணூறு பேர் இருக்கும்.
எம்பிமார்கூட ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.
நான் மெல்லத்தான் சொன்னேன்,
எனக்கு மட்டும் கேட்க:
களப்புக்கு அக்கரையில்.

காலை மிதித்த அந்தப் பிள்ளை குனிந்து
என் காதுக்குள் திருத்தினாள்.
"களைப்பு, அன்ரி."